சூரியனைப் பார்க்கக் கூடாத வேலை

சூரியனைப் பார்க்கிற தொழிலில் முதல் விதி, சூரியனைப் பார்க்கக் கூடாது என்பது. வெள்ளை மட்டையில் விழுகிற அதன் உருவத்தைப் பார்க்கலாம். கண்ணாடித் தட்டில் பிடித்த படத்தைப் பார்க்கலாம். கணினித் திரையில் எண்களாகவும் பார்க்கலாம். நேரே நிமிர்ந்து பார்த்தால் கண்ணும் போகும், வேலையும் போகும். பிரான்சில் பதினொரு வருடமும் பிறகு லண்டனிலுமாக இந்த வேலையைச் செய்து, இரண்டு கண்ணும் ஒழுங்காக இருக்கிற நிலையில் இதை எழுதுகிறேன்.

வானியலாளர் என்றால் இராமுழுக்க விழித்திருக்கிற ஆள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என் உத்தியோகம் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும்; பொழுதுபட்டால் எனக்கு அங்கே அலுவல் இல்லை. கலியாண வீடுகளில் “நீங்கள் என்ன வேலை செய்யிறியள்?” என்ற கேள்விக்கு ஒரு வசனத்தில் பதில் சொல்ல முடியாமல், கையில் பலகாரத் தட்டோடு திண்டாடுகிற சகோதர சகோதரிகளே, இது உங்களுக்காக.

பத்துப் பொட்டு

மன்னாரிலிருந்து பதினாறு வயதில் பாரிசுக்குப் போனவள் நான். அப்பா ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார், நான் பௌதிகம் படித்தேன். படிப்பு முடிந்ததும் பாரிசுக்கு வெளியே காட்டோரமாக இருந்த ஒரு வானாய்வகத்தில் உதவியாளர் வேலைக்கு நேர்முகம் வந்தது. போனால் எனக்கு முன்னால் மூன்று பேர், மூவரும் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக இருந்தார்கள். சூரியப் பிரிவின் தலைவி மதாம் கோர்பே நீல நிற வேலைச் சட்டையோடு வந்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒவ்வொருவராக உள்ளே விட்டு, தொலைநோக்கி வெள்ளைத் தாளில் விழுத்திய சூரியனைக் காட்டி, “தெரிகிற பொட்டுகளை வரையுங்கள், இருபது நிமிடம்” என்று மட்டும் சொன்னார்.

நான் எண்ணினேன். பதினொன்று. ஆனால் அதில் ஒன்று எனக்குப் பிடிக்கவில்லை. சூரியப் பொட்டு என்றால் நடுவில் கறுப்பும் சுற்றிவர ஒரு சாம்பல் கரையும் இருக்கும். இது மை தெறித்த மாதிரிக் கரையே இல்லாமல் இருந்தது. பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, கண் வைக்கும் வில்லையை மெல்லத் திருப்பினேன். பத்துப் பொட்டு இருந்த இடத்திலேயே இருந்தன. அந்த ஒன்று மட்டும் என் கையோடு சேர்ந்து சுற்றியது. அதை விட்டுவிட்டு மிச்சத்தை வரைந்து கொடுத்தேன்.

வெளியே வந்தால் மற்ற மூவரும் “பதினொன்றுதானே?” “ஓம், பதினொன்று” என்று பிரெஞ்சில் ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்டிருக்கிறார்கள். நான் விரல் விட்டு மறுபடி எண்ணினேன். மதாம் கோர்பே நாலு தாளையும் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். “பத்து. வில்லையில் இருந்த தூசியைச் சூரியனில் சேர்க்காத ஒரே ஆள் நீங்கள். திங்கட்கிழமை வாருங்கள், ஆனால் இந்தக் குதி உயர்ந்த சப்பாத்தோடு வராதீர்கள், இங்கே ஏணி ஏற வேண்டும்.”

சட்டனில் ஒரு விளக்கம்

ஏணி பிடிக்கிறவளாகச் சேர்ந்து, படம் எடுக்கிறவளாகி, இரவல் நேரங்களில் கலாநிதிப் பட்டத்தையும் முடித்து, கடைசியில் அங்கேயே வானியலாளர் ஆனேன். அதற்குள் வின்சனைக் கலியாணம் செய்து, அனெற் பிறந்து, அவளுக்கு ஆறு வயதும் ஆகிவிட்டது. வின்சன் குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறவர். அவருடைய அண்ணன்மார் எல்லோரும் லண்டனுக்குப் போய்விட்டார்கள். “பிள்ளை இங்கிலீசு படிக்கட்டும்” என்ற கதை எங்கள் வீட்டிலும் தொடங்கியது. நல்ல காலத்துக்கு, லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தின் சூரிய ஆய்வுக் குழுவுக்குப் பழைய பிரெஞ்சுக் கண்ணாடித் தட்டுகளைப் படிக்கத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. இரண்டு வருட ஒப்பந்தம் ஒன்று கிடைத்ததும் குட்மேய்ஸில் வீடு பார்த்தோம்.

வந்து மூன்றாம் கிழமை, ஒரு சனிக்கிழமை, தெற்கு லண்டன் சட்டனில் ஒரு தமிழ்க் கடையில் ஐஸ் பெட்டி நின்றுவிட்டதென்று வின்சன் புறப்பட்டார். ஊர் பார்க்கலாமென்று நானும் கூடப் போனேன். கடைக்கார அண்ணை உருகிக்கொண்டிருந்த மீன் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டும் மரியாதை தவறாமல் என்னை விசாரித்தார். வின்சன் பெட்டிக்குப் பின்னாலிருந்து பெருமையோடு குரல் கொடுத்தார்: “இவா சூரியனைப் பாக்கிற வேலை, அண்ணை. பிரான்சிலை பதினொரு வருசம் பாத்தவா. இனி லண்டனிலை பாக்கப் போறா.” அண்ணை கடை வாசலுக்குப் போய் வானத்தை ஒருதரம் பார்த்தார். வெளியே மழை தூறியது. திரும்பி வந்து என்னை இரக்கத்தோடு பார்த்துச் சொன்னார்: “லண்டனிலையோ? அப்ப பார்ட் ரைம் வேலையெண்டு சொல்லுங்கோ, தங்கச்சி.”

பாட்டுப் புத்தகத்துக்குள் இருந்தது

எங்கள் தேவாலயத்துத் தமிழ்ப் பூசையில் பாடகர் குழுவை நடத்துகிறவர் றோஸ்மேரி அக்கா. குரலும் கண்டிப்பும் பெரிது. பிந்தி வருகிறவர்களைப் பாட்டின் நடுவிலேயே பார்வையால் இருத்திவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் தேத்தண்ணிக்குப் போன பிறகு என் கையைப் பிடித்து மாதா சுரூபத்துக்குப் பின்பக்கம் கொண்டுபோனார். பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். உள்ளே நாலாக மடித்த ஒரு தாள், கட்டம் கட்டமாக. மகளின் சாதகக் குறிப்பு.

“மாப்பிள்ளை பகுதி சைவ ஆக்கள், பிள்ளை. குறிப்புக் கேட்டவை. ஆரோ ஒருத்தரிட்டைச் சொல்லி எழுதுவிச்சனான். சரியோ பிழையோ எண்டு எனக்கு விளங்கேல்லை. நீர் உந்தத் துறையிலை பெரிய ஆளெண்டு வின்சன் சொன்னவர்” என்றார். நான் என் வேலையைச் சுருக்கமாக விளங்கப்படுத்தினேன். சாத்திரம் வேறு, வானியல் வேறு. நான் கிரகங்களைக்கூடப் பார்ப்பதில்லை, சூரியன் ஒன்றை மட்டும்தான் பார்க்கிறேன் என்றேன். பொறுமையாகக் கேட்டார். ஃபாதர் வருகிறாரா என்று ஒருதரம் எட்டிப் பார்த்தார். பிறகு தாளை என் மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்தார். “பரவாயில்லை, சூரியன் இவளுக்கு எத்தினையாம் இடத்திலை இருக்குது எண்டு மட்டும் சொல்லும். மிச்சத்தை நான் சமாளிக்கிறன்.”

வீங்கின சொல்

சூரியனின் விளிம்பிலிருந்து சில வேளை பெரிய நெருப்பு வளைவுகள் எழும்பி நிற்கும். இங்கிலீசில் அதற்கு ‘ப்ரொமினன்ஸ்’ என்று பெயர். பிரெஞ்சில் ‘புரொத்துபெரான்ஸ்’. பதினொரு வருடம் அப்படியே சொல்லிப் பழகிய வாய் எனக்கு. லண்டனில் என் முதலாவது கருத்தரங்கில் அதையே இங்கிலீசாக்கி ‘புரொட்டியூபரன்ஸ்’ என்றேன். இங்கிலீசில் அந்தச் சொல்லுக்கு வீக்கம், புடைப்பு என்றுதான் அர்த்தமாம். சூரியனின் இடது பக்கத்தில் அழகான வீக்கம், வலது பக்கத்தில் அதைவிடப் பெரிய வீக்கம் என்று நாற்பது நிமிடம் விளக்கியிருக்கிறேன். பின்வரிசையில் ஒருவர் தாளில் கோடு கோடாகப் போட்டு, அந்தச் சொல் எத்தனை தரம் வந்ததென்று எண்ணிக்கொண்டிருந்தார். தமிழ் முகம், பிரெஞ்சு உச்சரிப்பு, இங்கிலீசில் வீக்கம். அன்று குட்மேய்ஸ் வரை ரெயினில் யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு போனேன்.

அடுத்த கருத்தரங்கில் எழும்பி நின்று, “போன முறை நான் சொன்ன சொல் பிழை என்கிறார்கள். இந்தப் படத்தைப் பாருங்கள். இது வீங்கியிருக்கிறதா, இல்லையா?” என்று கேட்டேன். திரையில் சூரியனின் விளிம்பு பொம்மென்று புடைத்துக்கொண்டு நின்றது. கோடு போட்டவரே முதலில் கை தட்டினார். எட்டு மாதம் கழித்து வெளிநாட்டிலிருந்து சில பெரிய ஆய்வாளர்கள் வந்தார்கள். எங்கள் குழுத் தலைவர் பேராசிரியர் வெல்டன் படங்களைக் காட்டிக்கொண்டு போகையில் அவர் வாயிலிருந்தே ‘புரொட்டியூபரன்ஸ்’ என்று வந்துவிட்டது. விருந்தினர்கள் ஆளையாள் பார்த்தார்கள். பேராசிரியர் அசையவில்லை. “மன்னிக்கவும், ஜெசிந்தா வந்த பிறகு எங்கள் சூரியனில் வேறு எதுவும் எழும்புவதில்லை.”

மேசைக்கு மேலே நாய்

எங்கள் குழு, என் பழைய பிரெஞ்சு வானாய்வகத்தின் கண்ணாடித் தட்டுகளை இரவல் வாங்கி, ஸ்கான் செய்து கணினியில் ஏற்றி ஆராய்ந்துகொண்டிருந்தது. அதில் ஒரு பெரிய கண்டுபிடிப்பு வந்தது. தொண்ணூறுகளில் சில வருடங்கள் சூரியனின் தெற்குப் பாதியில்தான் பொட்டுகள் கூடுதல். ஆனால் நடுவில் இரண்டே இரண்டு கோடைகாலத்தில் மட்டும் அவை வடக்குக்குத் தாவி, பிறகு திரும்பத் தெற்குக்கு வந்திருந்தன. ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது. பேராசிரியர் வெல்டன் ஒரு வருடம் இருந்து கட்டுரை எழுதி முடித்திருந்தார். வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும். செவ்வாய்க்கிழமை, அட்டவணைகளைச் சரிபார்க்கும்படி என்னிடம் தந்தார்.

ஒரு படத்தைத் திறந்ததும் கை நின்றுவிட்டது. மூன்று பெரிய பொட்டு, கீழே நாலு சின்னப் பொட்டு, பின்னால் ஒரு வால். எனக்கு அதைத் தெரியும். அந்தத் தட்டை எடுத்தவளே நான்தான், என் கலியாணத்துக்கு முதல் நாள். சூரியனின் நடுக்கோடு மேசை என்றால், கீழ்ப்பாதியில், மேசைக்குக் கீழே படுத்திருக்கிற நாய் மாதிரி அது இருந்தது. மதாம் கோர்பே அதைப் பார்த்துவிட்டு, “உன் கலியாணச் சாப்பாட்டுக்கு நாய்கூட வந்து காத்திருக்கிறது” என்று பகிடி விட்டவர். இப்போது திரையில் அதே நாய் மேசைக்கு மேலே, மேல்பாதியில், நாலு காலும் வானத்தைப் பார்த்தபடி கிடந்தது.

பேராசிரியரிடம் ஓடினேன். படங்கள் தலைகீழாகியிருக்கின்றன, பொட்டுகள் வடக்குக்குத் தாவவே இல்லை என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். கலியாணம், நாய், மேசை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது ஒரு ஆதாரமாகப் படவில்லை. அவர் நல்ல மனுசன், சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: “ஜெசிந்தா, நான் உங்களை நம்புகிறேன், ஆனால் உங்கள் கலியாணத்தை அடிக்குறிப்பில் போட முடியாது.”

தட்டின் மறுபக்கம்

புதன்கிழமை முழுக்க இருந்து யோசித்தேன். கண்ணாடித் தட்டு இரண்டு பக்கமும் தெரியும். அதைப் பிழையான பக்கம் கவிழ்த்து ஸ்கான் செய்தால் இடம் வலமாகும். அப்போது பொட்டுகள் நாளுக்கு நாள் எதிர்த்திசையில் நகரும். ஸ்கான் செய்த ஆள் அதைக் கண்டிருக்க வேண்டும். கண்டு, தட்டைப் புரட்டாமல், படத்தை அரைவட்டம் சுற்றிவிட்டால் நகரும் திசை சரியாகிவிடும். ஆனால் மேல் கீழாகிவிடும். ஒரு பிழையை இன்னொரு பிழை மூடியிருக்கிறது. ஓரத்தில் எழுதியிருந்த இலக்கங்களையோ ஸ்கானில் வெட்டிவிட்டார்கள். தட்டுகள் பிரான்சுக்குத் திரும்பிப் போய்விட்டன. மதாம் கோர்பேக்குப் போன் எடுத்தேன். அவர் வேலையிலிருந்து இளைப்பாறி இரண்டு வருடம். கதை முழுதையும் கேட்டுவிட்டு, “அலுமாரித் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நாளைக்கு வா” என்றார்.

வியாழக்கிழமை காலை ரெயினில் பாரிசுக்குப் போனேன். அவர் பழைய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கீழறையில் இரண்டு பேருமாகத் தட்டுகளை ஒவ்வொன்றாக உறையிலிருந்து எடுத்தோம். என் கலியாணத்துக்கு முதல் நாள் தட்டு வந்தது. ஓரத்தில் என் கையெழுத்து, பக்கத்தில் வடக்குக்கு நான் போட்ட அடையாளம். கீழ்ப்பாதியில் நாய் சொகுசாக மேசைக்குக் கீழே படுத்திருந்தது. லண்டனில் ஸ்கான் செய்தவர், மேல் பக்கம் இதுவென்று ஒட்டிய சிட்டை கண்ணாடியின் மறுபக்கத்தில் இருந்தது. அந்த இரண்டு கோடைக்குரிய தட்டுகள் எல்லாவற்றிலும் அப்படித்தான். மற்ற வருடங்களில் சிட்டை சரியான பக்கத்தில் இருந்தது. மதாம் கோர்பே என் முதுகில் பலமாக ஒரு தட்டுத் தட்டினார். மூன்று தட்டுகளையும் அந்த நாட்களின் குறிப்புப் புத்தகத்தையும் கையெழுத்து வைத்து எடுத்து, சால்வையில் சுற்றி, லண்டன் வரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை குழு முழுக்கக் கூடியிருந்தது. நான் பேச்சு ஒன்றும் தயாரிக்கவில்லை. வெளிச்ச மேசையில் தட்டை, சிட்டை மேலே தெரிய, திரையில் இருந்த மாதிரியே வைத்து, பேராசிரியரைக் கூப்பிட்டு மேலிருந்து கீழாகப் புரட்டச் சொன்னேன். புரட்டினார். கையெழுத்து நேராகியது, வடக்கு வடக்குக்குப் போனது, நாய் மேசைக்குக் கீழே போனது. குறிப்புப் புத்தகத்தைப் பக்கத்தில் திறந்து வைத்தேன், அதிலும் அப்படியே. அவர் குனிந்து இரண்டையும் மாறி மாறிச் சரிபார்த்தார். அன்று அந்தக் கட்டுரை போகவில்லை. அதற்குப் பதிலாக, இந்தப் பிழை எப்படி ஒளிந்திருக்கும், எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று இன்னொரு கட்டுரை போனது. முதல் பெயர் என்னுடையது. வேறு நாடுகளிலிருந்தும் தங்கள் தட்டுகளைச் சரிபார்த்துவிட்டு எழுதினார்கள், சிலர் நன்றி சொல்லி, சிலர் வெட்கப்பட்டு. ஆனால் அன்று அந்த அறையில் பேராசிரியர் நிமிர்ந்து சொன்னது இதுதான்: “உங்கள் கலியாணத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தால் எனக்கு ஒரு வருடம் மிஞ்சியிருக்கும்.”

செவ்வாய்க்கிழமை வந்த வெள்ளி

2004 ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை, வெள்ளிக் கிரகம் சூரியனுக்குக் குறுக்கே நடந்து போனது. அன்று உயிரோடிருந்த எவரும் அதற்கு முன் அதைப் பார்த்ததில்லை. அந்த அதிசயத்தைப் பற்றி அனெற்றின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது: பிள்ளைகளின் கண்பாதுகாப்புக்காக அன்று திரைச்சீலைகள் மூடப்படும், இடைவேளையிலும் பிள்ளைகள் வெளியே விடப்படமாட்டார்கள். எட்டு வயது அனெற் கடிதத்தை என் முன் வைத்துவிட்டு, “அம்மா, என்ரை சிநேகிதப் பிள்ளையளுக்கு நீங்கள் ஒபிசிலை வேலை எண்டுதான் சொன்னனான். இப்ப என்ன சொல்ல?” என்றாள். அடுத்த நாள் தலைமை ஆசிரியை மிஸிஸ் பார்லோவிடம் போனேன். ஒரு பிள்ளையின் கண்ணுக்கு ஏதாவது நடந்தால் தாய் தகப்பனுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டார். “நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஒரு பிள்ளையும் சூரியனைப் பார்க்கக் கூடாது. நானும் பார்ப்பதில்லை” என்றேன். அப்படியென்றால் எதைக் காட்டப் போகிறீர்கள் என்று கேட்டார்.

வின்சனிடம் குளிர்சாதனப் பெட்டி வருகிற பெரிய மட்டைப் பெட்டிகள் இருந்தன. ஒன்றில் துளை போட்டு, என் சின்னத் தொலைநோக்கியைப் பூட்டி, உள்ளே வெள்ளைத் தாள் ஒட்டினோம். பிள்ளைகள் சூரியனுக்கு முதுகு காட்டி நின்று பெட்டிக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். தொலைநோக்கியின் கிட்ட ஒருவரும் போகாமல் வின்சன் காவல் நிற்பார். முதல் நாள் பின்னேரம் மிஸிஸ் பார்லோவுக்கு அதைச் செய்து காட்டினேன். ஒரு வகுப்புக்கு மட்டும் சம்மதித்தார். செவ்வாய்க்கிழமை வானம் துடைத்து விட்ட மாதிரி இருந்தது. அனெற்றின் வகுப்பு வந்தது. தாளில் சாப்பாட்டுக் கோப்பை அளவு சூரியன், அதில் வட்டமாக, கன்னங்கரேலென்று வெள்ளி. “நகருது! நகருது!” என்று ஒரு பிள்ளை கத்தியது பக்கத்துக் கட்டிடத்தில் கேட்டிருக்க வேண்டும், ஒவ்வொரு வகுப்பிலும் திரைச்சீலை விலகத் தொடங்கியது. பத்தரைக்குப் பள்ளிக்கூடம் முழுக்க வரிசையில் நின்றது. சமையல்காரப் பெண்கள் வந்தார்கள், றோட்டுக் கடக்க உதவுகிறவர் தன் பலகையோடு வந்தார். அனெற் வரிசையின் முன்னால் நடந்து நடந்து எல்லோருக்கும் இங்கிலீசில் அறிவித்தாள், அது தன் அம்மா என்று.

மிஸிஸ் பார்லோ கடைசி ஆளாக வந்தார், மத்தியானம் வெள்ளி விளிம்பைத் தொடுகிற நேரம். குனிந்து பெட்டிக்குள் தலையை விட்டவர் வெளியே எடுக்கவில்லை. கறுப்புப் பொட்டு விளிம்பைக் கடித்து, பாதியாகி, ஒரு சின்னப் பல்லடையாளமாகி மறையும் வரை அப்படியே நின்றார். அடுத்தது எப்போது என்று கேட்டார். எட்டு வருடத்தில், ஆனால் லண்டனில் விடிகிற நேரத்தில் கொஞ்சம்தான் தெரியும் என்றேன். தலைமயிரைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: “அப்போது நான் ஓய்வு பெற்றிருப்பேன், ஆனாலும் அந்தப் பெட்டியை எறிந்துவிடாதீர்கள்.”

நாலு நிமிடம்

எல்லா நாளும் அப்படி வாய்ப்பதில்லை. இரண்டு வருடம் கழித்து விம்பிள்டன் பக்கம் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் விஞ்ஞான நாள். நவம்பர் மாதம். இந்த முறை நல்ல வடிகட்டி பூட்டிய தொலைநோக்கி கொண்டுபோனேன். அதில் கண் வைத்தே பார்க்கலாம். காலையிலிருந்து மேகம். பிள்ளைகள் வந்து சாம்பல் நிறத்தைப் பார்த்துவிட்டு வடை இருக்கிற பக்கம் போய்விட்டார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் போகவில்லை. நாற்பது வயதிருக்கும், கம்பளித் தொப்பி, சிவந்த கண். மகளைப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு வந்தவர். இருக்கச் சொன்னேன், “இருந்தால் நித்திரையாப் போவன்” என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தார்.

மூன்று மணிக்கு நான் சாமானை அடுக்கத் தொடங்கினேன். அப்போது மேகம் ஒரு இடத்தில் கிழிந்தது. ஓடிப்போய்த் திருப்பினேன், சூரியன் முழுசாக வந்து விழுந்தது, விளிம்பில் ஒரு அருமையான வீக்கத்தோடு. அவரைக் கூப்பிட்டேன். தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். நாலு நிமிடம் இருக்கும். மேகம் மூடிய பிறகும் கொஞ்ச நேரம் கண்ணை எடுக்கவில்லை. அன்று முழுக்க அந்தத் தொலைநோக்கியில் சூரியனைக் கண்டது அவர் ஒருவர்தான். நிமிர்ந்து, என்னைப் பார்த்து, பழைய சிநேகிதரைச் சந்தித்த மாதிரிச் சிரித்தார். “பெற்றோல் ஸ்ரேசனிலை நைற் ஷிப்ட், அக்கா. மூண்டு வருசமா நான் இவரை ஒழுங்காக் காணேல்லை. ஆள் நல்லாத்தான் இருக்கிறார்.”

மண்டபத்தில் ஒரு கேள்வி

அப்பா பாரிசிலேயே இருந்துவிட்டார். ஒவ்வொரு ஞாயிறும் போனில் ஒரே கேள்வி: “வேலை பேர்மனன்ற் ஆச்சோ?” ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டியிருக்கிறார்கள் என்பேன். “நீட்டிறது வேறை, பேர்மனன்ற் வேறை” என்பார். முப்பது வருடம் மன்னாரில் அரசாங்கக் கந்தோரில் கோப்பு எழுதும் லிகிதராக இருந்து, பிறகு பாரிசில் கோப்பை கழுவின மனுசனுக்கு அந்தச் சொல்லின் பெறுமதி தெரியும். 2008 இல் பல்கலைக்கழகம் பொதுமக்களுக்கான ஒரு பெரிய உரைக்கு என்னைத் தெரிவு செய்தது. அப்பா ரெயின் ஏறி வந்தார். கந்தோர்க் கடித இங்கிலீசைத் தாண்டி ஒரு சொல்லும் விளங்காது. கோட்டுப் போட்டு, முன்வரிசையில், பேராசிரியர் வெல்டனுக்கும் வின்சனுக்கும் நடுவில் முதுகு நிமிர்த்தி இருந்தார். ஒரு மணித்தியாலம் கண் வெட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இரண்டு தரம் நாக்குப் பிசகியது, அவரால்தான்.

பேச்சு முடிந்து கை தட்டல் ஓய, கேள்வி நேரம் வந்தது. முதலில் உயர்ந்த கை அப்பாவுடையது. ஒலிவாங்கியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். எழும்பி நின்று, மண்டபம் முழுக்கக் கேட்கத் தமிழில் கேட்டார்: “பிள்ளை, உந்தச் சூரியன் இன்னும் எவ்வளவு காலத்துக்கு இருக்கும்?” நான் சபைக்கு இங்கிலீசில் சொன்னேன், நல்ல கேள்வி என்று தலைகள் ஆடின. “இன்னும் ஐந்நூறு கோடி வருசம், அப்பா” என்று தமிழிலும் பிறகு இங்கிலீசிலும் பதில் சொன்னேன். அன்று காலையில்தான் என் நிரந்தர நியமனக் கடிதம் கைக்கு வந்திருந்தது. உரை முடிந்து தனியாக அவரிடம் கொடுப்பமென்று கைப்பையில் வைத்திருந்தேன். அதற்கு அவர் இடம் தரவில்லை. ஐந்நூறு கோடியை மனதுக்குள் ஒருதரம் எழுதிப் பார்த்த மாதிரி நின்றார். பிறகு பேராசிரியர் வெல்டனைக் கையால் காட்டி, ஒலிவாங்கியை இறக்காமலே வின்சனிடம் தீர்ப்புச் சொன்னார்: “அப்ப இவளின்ரை வேலை பேர்மனன்ற்தான். இவரை எழுதிக் குடுக்கச் சொல்லு.”

இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரு விளக்கமும் கேட்காமல் ஒழுங்காக வேலைக்கு வந்த ஒரே ஆள் சூரியன்தான், ஆனால் அந்த மனுசனும் லண்டனில் பாதி நாள் போர்வைக்குள்ளேதான் கிடக்கிறார்.